திரையின் இடது ஓரம்

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்ததும் ஆவுடை எண்ண ஆரம்பித்தாள். கதாநாயகன் கிழவி வேஷம் போட்டுக்கொண்டு பெண்கள் விடுதிச் சமையல்கட்டில் தோசை சுடுவான், அது ஒன்று. வார்டனம்மா மாவில் வழுக்கி விழுவாள், அது இரண்டு. மதில்மேல் ஒரு சண்டை வரும், அது மூன்று. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு. எப்படியும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கும். இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு மனுஷிக்கு நெஞ்சு அடைக்கலாம், ஒரு மிஷின் தீப்பிடிக்கலாம், இந்தப் பழைய கூரையிலிருந்து ஒரு மின்விசிறி கழன்று யார் கழுத்திலாவது விழலாம். எதுவும் நடக்கவில்லையென்றால் பாட்டு வரும், வேன் வரும், வேனிலிருந்து வெள்ளைக் கோட்டு பறக்கும், அது விழுந்த இடத்தில் முந்நூறு பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி பாய்வார்கள். அந்த முந்நூறு பேரில், திரையின் இடது ஓரத்தில், பத்தொன்பது வயது ஆவுடை நிற்பாள். அவள் காலடியில் எமல்டா கிடப்பாள். எமல்டாவின் வலது கையை ஆவுடை தன் புதுச் செருப்பின் குதிகாலால் மிதிப்பாள். முப்பத்தேழு வருஷமாக அந்தக் கையை மிதித்தவள் யாரென்று எமல்டாவுக்குத் தெரியாது. எமல்டா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள். “ஏட்டி, உப்பே போடல பாத்துக்க. நூத்தியம்பது ரூவா வாங்குதான், உப்பு போட வலிக்கு அவனுக்கு,” என்றாள். ஆவுடை கையை நீட்டி இரண்டு பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பஞ்சை மெல்வது போலிருந்தது.

டிவியில் இந்தப் படம் வருஷத்துக்கு நாலு தடவையாவது ஓடும். அதில் பயமில்லை. சினிமாஸ்கோப்பில் எடுத்த படம், டிவிப் பெட்டிக்காக இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். அந்தப் பாட்டில் அந்த இடம் வரும்போது இடது ஓரத்தில் ஒரு பச்சைத் தாவணியின் நுனியும் ஒரு முழங்கையும் மட்டும் தெரியும். முழங்கை மேலே போகும், கீழே வரும். அது தன் முழங்கை என்று ஆவுடைக்குத் தெரியும். எமல்டாவுக்கும் தெரியும். “அந்தா ஒன் முட்டங்கை,” என்று ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டுவாள். “நாந்தான் இல்ல. என்ன வெட்டிப் போட்டுட்டானுவ. முழுசா இருந்தா எங்கயாவது தெரிவேன்.” வெட்டிப் போட்டவன் எவனோ, அவனுக்கு ஆவுடை மனதுக்குள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறாள். படம் முதலில் வந்தபோது எமல்டாவின் கையில் மாவுக்கட்டு பிரித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அப்பா சினிமா என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடவில்லை. “எமல்டா இல்லாம நான் பாக்க மாட்டேன்” என்று ஆவுடை சொன்னாள். கல்லூரி முழுக்க அதைப் பெரிய சிநேகிதம் என்று பேசிக்கொண்டார்கள். பார்த்துவிட்டு வந்தவர்களும் திரையில் அவரவர் முகத்தைத் தேடியதோடு சரி. இப்போது யாரோ படத்தைத் துடைத்து, நிறத்தை ஏற்றி, வெட்டிய ஓரங்களையெல்லாம் திரும்ப ஒட்டி, திருநெல்வேலி ஜங்ஷனில் இந்தப் பெரிய திரையில் விரித்துவிட்டார்கள். சனிக்கிழமை பகல் காட்சிக்கு எமல்டாவே டிக்கெட் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஆபீசில் ஆடிட் என்று ஆவுடை சொல்லியிருக்கலாம். முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். சேலையை மாற்றிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். ஏன் வந்தாள்? எமல்டா தனியாக வந்து பார்த்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நினைத்துத்தான். அதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மேல். அடி எங்கிருந்து வரப்போகிறதென்று தெரிந்தால் உடம்பு கொஞ்சம் இறுகிக்கொள்ளும்.

ஒலிபெருக்கி நெஞ்சில் குத்தியது. அந்தக் காலத்தில் ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்ட அதே மேளம் இப்போது விலா எலும்பைப் பிடித்து உலுக்கியது. கிழவி வேஷத்தில் விமல்நாத் வந்தான். தியேட்டர் எழுந்து நின்றது. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், தொப்பையும் மூட்டுவலியும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு வந்தவர்கள், பேப்பரைக் கிழித்து மேலே எறிந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினாள். அவள் புருஷன் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்தான். திரையில் விமல்நாத் முக்காட்டை விலக்கிக் கண்ணடித்தான். அந்தக் கண், அதற்காக எத்தனை ரத்தம். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் ஆவுடை பிளேடால் இடது பெருவிரலைக் கீறி அவனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாலு வரிக்கு மூன்று கீறல் வேண்டியிருந்தது. எமல்டா செம்பருத்தியைப் பிழிந்து எழுதினாள். “அவன் என்ன, ஆஸ்பத்திரியில குடுத்து டெஸ்ட்டா பண்ணப் போறான்? மூதி, ஒன் ரத்தத்த வச்சிக்க,” என்று சிரித்தாள். செம்பருத்திக் கடிதத்துக்குத்தான் கையெழுத்துப் போட்ட போட்டோ வந்தது. எமல்டாவுக்கு எல்லாம் அப்படித்தான். விரல் பட்டால் நடக்கும். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் அவள் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். அவள் தட்டும்போது மற்ற பெண்கள் தங்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், தகர ஓட்டில் மழை இறங்குவது போலிருக்கும். ஆவுடை தட்டினால் யாரோ மாடிப்படி ஏறுவது போலிருக்கும். ஆவுடைக்கு வந்தது போட்டோ இல்லை, அண்ணன். டிரங்குப் பெட்டியில் விரித்திருந்த பேப்பருக்கு அடியிலிருந்து நாற்பத்தோரு படங்களை அவன் எடுத்தான். பெல்ட்டைக் கழற்றினான். அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்து முடித்துக் களைத்த பிறகு ஒரு படத்தைச் சுருட்டி அவள் வாயில் திணித்தான். “தின்னுட்டி. அவன்தான வேணும்? தின்னு.” மசி கசந்தது. பல்லுக்கிடையில் தாள் கிழிந்தபோது எந்தப் படம், எந்தப் படம் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. நீலச் சட்டை போட்டதாக இருக்கக் கூடாது. விழுங்கினாள். அந்த இரவிலிருந்து விமல்நாத்தின்மீது அவளுக்கு இருந்தது ஆசையா, அல்லது வாங்கின அடிக்கு ஏதாவது ஒன்று கையில் வந்தே தீர வேண்டும் என்ற வெறியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வார்டனம்மா வழுக்கி விழுந்தாள். மாவுச் சட்டி தலையில் கவிழ்ந்தது. எமல்டா சிரித்தாள், அவள் சிரிப்பு எப்போதும் இருமலில் போய் முடியும். இருமிக்கொண்டே வலது கையால் ஆவுடையின் தொடையில் அடித்தாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும் கை. அடித்தால் முட்டி மட்டும்தான் படும், கூழாங்கல் போல. ஆவுடைக்கு அந்தக் கையின் ஒவ்வொரு இடமும் தெரியும். எந்த எலும்பு மேடாக ஒட்டியிருக்கிறது, கார்த்திகை மாசக் குளிரில் எந்த இடம் முதலில் வலிக்கும், எங்கே அமுக்கினால் எமல்டா கண்ணை மூடிக்கொள்வாள். மாவுக்கட்டு இருந்த ஆறு வாரமும் அவள்தான் எமல்டாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை அன்று எமல்டா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆவுடை போய் எழுதிவிட்டு வந்தாள். ஆவுடை பாஸானாள், சர்வீஸ் கமிஷன் எழுதினாள், கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து இன்று சூப்பரின்டெண்ட். எமல்டா பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். எமல்டாவின் அப்பா, படகு மெக்கானிக், கோபக்காரர், மூன்று மாதம் கல்லூரி வாசலில் வந்து நின்று பெண்களின் கால்களைப் பார்த்தார். கட்டைக் குதி வைத்த செருப்பு, எமல்டாவுக்கு அது மட்டும்தான் நினைவிருந்தது. கையில் விழுந்த தடம் அரை வட்டமாக இருந்தது. “எந்தச் சிறுக்கின்னு மட்டும் தெரியட்டும். அவ கைய வாங்கிட்டுத்தான் மறுசோலி,” என்றார். ஆவுடை அந்தச் செருப்பை மிதித்த அன்று சாயங்காலமே வாய்க்காலில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள், பாவம், என்று எமல்டாவின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அணைப்பில் ஆவுடைக்கு மூச்சு முட்டியது. அந்த அம்மாவைக் கடித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அன்பாக இருந்தவர்களையெல்லாம் அவளுக்குக் கடிக்கத் தோன்றியிருக்கிறது. எமல்டாவையும்தான். குளிர்காலத்தில் அந்தக் கையை மடியில் வைத்து எண்ணெய் போட்டுத் தேய்க்கும்போது எமல்டா சொல்வாள்: “மிதிச்சவ கை அழுவிப் போவணும். புழு வைக்கணும். ஒனக்கு ஆண்டவர் நல்ல கை குடுத்திருக்காரு ஆவுட, ஒன்ன மாதிரி எந்தக் கூடப்பெறந்தவ பாத்துக்கிடுவா?” அப்போது ஆவுடையின் பெருவிரல் தன்னையறியாமல் அந்த மேட்டு எலும்பில் இன்னும் கொஞ்சம் அழுந்தும். எமல்டா முனகுவாள். வலி போகிறது என்பாள்.

மதில்மேல் சண்டை ஆரம்பித்தது. விளக்குமாற்றால் அடி, பூரிக்கட்டையால் அடி, அடிக்கு ஒரு கண்டாமணிச் சத்தம், தியேட்டர் உருண்டு சிரித்தது. யாருக்கும் வலிக்காத அடி. அன்றைக்கு வலித்தது. கல்லூரி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், விமல்நாத் வருகிறார், மாணவிகளைச் சந்திப்பார், அவ்வளவுதான். படப்பிடிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. கூலிக்கு ஆள் பிடித்தால் இப்படி ஓடமாட்டார்கள் என்று டைரக்டர் கணக்குப் போட்டிருக்கிறார். காமிராவைத் தண்ணீர்த்தொட்டி மேலே ஒன்று, ஓலைப் பந்தலுக்குள் ஒன்று என்று ஒளித்து வைத்துவிட்டு, மூன்று மணி வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். தண்ணீர் இல்லை. நிழல் இல்லை. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள், அவர்களைத் தூக்க யாரும் நகரவில்லை, நகர்ந்தால் இடம் போய்விடும். பிறகு வேன் வந்தது. கூரையில் நின்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் இரண்டு கையையும் விரித்தான். முந்நூறு தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தம், அது சந்தோஷச் சத்தமாக ஆவுடைக்கு இப்போது நினைவில்லை, ஆடு அறுக்கும் தொட்டியில் கேட்கும் சத்தம். கோட்டைக் கழற்றி எறிந்தான். அது காற்றில் கையை விரித்துக்கொண்டு இறங்கியது. ஆவுடை ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். யாரோ அவள் காதுக் கம்மலைப் பறித்தார்கள், சூடாகக் கழுத்தில் ஏதோ வடிந்தது. ஒரு மணிக்கட்டு வாய்க்கெதிரில் வந்தது, கடித்தாள், உப்பாக இருந்தது, இன்னும் கடித்தாள். கோட்டின் காலர் அவள் கையில் இருந்தது. ஆனால் கோட்டு வரவில்லை. கீழே யாரோ ஒருத்தி கோட்டின் கையைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு விடாமல் கிடந்தாள். குனிந்து பார்த்தாள். கார்பன் பேப்பர் கறை படிந்த விரல்கள், சிலுவை வைத்த வெள்ளி மோதிரம். யாரென்று தெரிந்தது. அங்கேதான் மனம் ஒவ்வொரு தடவையும் போய் மாட்டிக்கொள்ளும். தெரிவதற்கு முன்னால் மிதித்தாளா, தெரிந்த பிறகா. முதல் மிதி கூட்டத்தோடு போகட்டும், பின்னாலிருந்து தள்ளினார்கள், கால் போய் விழுந்தது. இரண்டாவது மிதி அவளுடையது. இரண்டு மிதி. முப்பத்தேழு வருஷமாக அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டு வைத்திருக்கும் கணக்கு அது, ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று தனக்கு. இரண்டாவது மிதியில் அந்தக் கை திறந்தது. மீதிக் கோட்டு கூட்டத்தோடு போக, அதன் வலது கை மட்டும் கிழிந்து அவளோடு வந்தது. அதைப் பத்து வருஷம் பாவாடைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். முகர்ந்து பார்த்தால் வியர்வையும் ஏதோ பவுடரும் அடிக்கும். கல்யாணமாகிப் போன பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில் டைரக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார், அன்று வேன்மேல் நின்றவன் விமல்நாத் இல்லை, டூப், விமல்நாத் அப்போது ஓட்டலில் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் முகத்தைப் பிறகு சென்னையில் எடுத்துச் சேர்த்தோம் என்று. ஆவுடை அந்தக் கோட்டுக்கையை அடுப்பில் வைத்தாள். நைலான், உருகித்தான் போனது, எரியவில்லை.

சண்டை முடியப் போகிறது. எல்லோரும் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார்கள், ஒருவன்தான் பாக்கி. ஆவுடை வேண்ட ஆரம்பித்தாள். கரண்ட் போகட்டும். ஜங்ஷனில் தினமும் போகிறதே, இன்று போனால் என்ன. படம் காட்டும் அறையில் அந்தக் கண்ணாடியை ஒரு செங்கல்லால் உடைக்க வேண்டும், வெளிச்சம் வரும் ஓட்டையில் கையை விட்டுப் பிடுங்க வேண்டும். திரையில் தீ வைத்தால் துணி எப்படிச் சுருண்டு வரும், இடது ஓரத்திலிருந்து வைக்க வேண்டும். எமல்டாவின் தொண்டையில் ஒரு பொரி சிக்கட்டும். இருமல்காரிதானே. கொஞ்சம் சிக்கட்டும், வெளியே கூட்டிக்கொண்டு போகும் அளவுக்கு. அந்த அளவு போதாதென்றால் இன்னும் கொஞ்சம். எமல்டா இப்போது செத்துப்போனால் என்று நினைத்தாள். நினைத்தது வார்த்தையாகவே வந்தது, தமிழில், தெளிவாக, ஆபீசில் டிக்டேஷன் சொல்வது போல. செத்துப்போனால் அவள் மனதில் ஆவுடை தலைக்கு எண்ணெய் தேய்த்தவளாகவே இருப்பாள். ஆவுடையே முன்னின்று எல்லாம் செய்வாள், கல்லறைக்குப் பூ வைப்பாள், வருஷா வருஷம் அழுவாள், அந்த அழுகை பொய்யாகவும் இருக்காது. புருஷன் போய்விட்டார். மகன் பெங்களூரில். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் கேட்டைத் தட்டி “ஏட்டி, காப்பி போட்டியா” என்று கேட்கிற குரல் உலகத்திலேயே ஒன்றுதான். எல்லாம் தெரிந்து அந்தக் குரல் வேண்டுமென்றே வராமல் போகும் ஆறு மணியை அவளால் யோசிக்க முடியவில்லை. அதற்காகத்தான் அந்தக் குரலே நின்றுபோகட்டும் என்று வேண்டுகிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் வேண்டுதல் நிற்கவில்லை. “எமல்டா,” என்றாள். “எனக்குத் தல சுத்துது. வெளிய போவோமா?”

“இப்பவா? பாட்டு வரப்போவுதுட்டி.”

“மயக்கமா வருது.”

“குனிஞ்சி உக்காரு. இந்தா தண்ணி. அஞ்சு நிமிசம் பல்லக் கடிச்சிக்க, பாட்டு முடிஞ்சதும் ஆட்டோ புடிச்சி நேரா ஆஸ்பத்திரி. முப்பத்தேழு வருசம் கழிச்சி என் மூஞ்சிய நான் பாக்கப் போறேன், இப்பப் போயி தல சுத்துதுங்கா.” தண்ணீர் பாட்டிலை மூடி கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு எமல்டா சீட்டின் நுனிக்கு நகர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

மேளம் விழுந்தது. வேன் வந்தது. அவர்கள் கல்லூரி மதில், அதில் எழுதியிருந்த குடும்பக்கட்டுப்பாடு விளம்பரம், அந்த வேப்பமரம், எல்லாம் நேற்றுக் கழுவி வைத்தது போல நிறமாக வந்தன. திரை இரண்டு பக்கமும் அகன்றுகொண்டே போனது போல ஆவுடைக்கு இருந்தது, யாரோ இரண்டு கையாலும் கண்ணின் இமைகளைப் பிரித்துப் பிடித்திருப்பது போல. கோட்டு பறந்தது. நடுவில் பெண்கள் மலை போல் குவிந்தார்கள், குவியலின் ஒலிக்குப் பதிலாகப் புல்லாங்குழல் கொஞ்சியது. அலறலையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் குழல் வைத்திருந்தார்கள். இடது ஓரத்தில், ஒரு வேளை அது அங்கே இருக்காது என்று கடைசியாக ஒரு நொடி நினைத்த இடத்தில், பச்சைத் தாவணி நின்றாள். முழு உடம்போடு நின்றாள். காது கிழிந்து ரவிக்கை சிவந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், சேற்றைத் தாண்டும்போது தூக்குவது போல. பின்னால் யாரும் தள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாகவே இருந்தது. கால் எழுந்து இறங்கியது. ஒன்று. மேளத்தோடு பொருந்தியது. இரண்டு. இத்தோடு முடிந்தது, ஆவுடை மூச்சை விட்டாள். மூன்று. கீழே கிடந்தவளின் உடம்பு மீன் போலத் துள்ளியது. கை திறந்துவிட்டது, கோட்டுக்கை வந்துவிட்டது, கையில் இருந்தது. நான்கு. நாலாவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நாலாவது முறை அந்தப் பெண் சிரித்தாள். பல் முழுக்கத் தெரிந்தது, பல்லில் வேறு யாருடைய ரத்தமோ. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை ஆவுடை தன் கல்யாணப் படத்தில் பார்த்ததில்லை, மகனைத் தூக்கி வைத்திருக்கும் படத்திலும் பார்த்ததில்லை. காட்சி மாறியது. சென்னையில் எடுத்த விமல்நாத்தின் முகம் திரை முழுக்க வந்து, உதட்டில் விரலை வைத்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டது.

பக்கத்தில் ஒரு விசில் கேட்டது. ஆவுடை மெதுவாகத் தலையைத் திருப்பினாள். எமல்டா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இடது கையின் இரண்டு விரல்களை நாக்குக்கு அடியில் கொடுத்து, கன்னம் உப்ப, கண்ணில் தண்ணீர் வழிய, விமல்நாத்தின் முகத்தைப் பார்த்து விசிலடித்தாள். முகம் மறைந்ததும் சட்டென்று உட்கார்ந்தாள். “ஐயோ, ஏட்டி,” என்றாள். “வேன்லயே கண்ணு போயிட்டு. அவன் கைய விரிச்சான் பாரு, நான் அங்கனயே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். நம்ம வந்தோமா?” ஆவுடை பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “ஏட்டி, ஒன்னத்தான். வந்தோமா, வெட்டிட்டானுவளா?” இல்லை என்று ஒரு வார்த்தை போதும். தலையை இடமும் வலமுமாக ஒரு அசைவு. அதற்குள் எமல்டா முன்னால் குனிந்து முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்ணின் தோளைத் தட்டிவிட்டாள். அந்தப் பெண் பாட்டு முழுவதையும் செல்போனில் எடுத்திருந்தாள். “எம்மா, அதக் கொஞ்சம் காட்டுதியா? அதுல நாங்க இருக்கோம்.” அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, முதலில் நம்பாமல், பிறகு நம்பிச் சிரித்தாள். “ஆன்ட்டி, நெஜமாவா? இப்பப் பாத்தா வெளிச்சம் அடிக்கும், பின்னால சத்தம் போடுவாங்க. படம் முடிஞ்சதும் பெருசு பண்ணிக் காட்டுறேன். ஸ்டேட்டஸ்ல போடுறேன், உங்க நம்பர் குடுங்க.” எமல்டா நம்பரைச் சொன்னாள். இலக்கம் இலக்கமாகச் சொன்னாள். ஒவ்வோர் இலக்கமும் ஆவுடையின் பிடரியில் விழுந்தது. பெருசு பண்ணிக் காட்டுவாள். இரண்டு விரலை வைத்து விரித்தால் அந்த முகம் இன்னும் பெரிதாகும். நிறுத்தி நிறுத்திக் காட்டுவாள். ஒன்று. இரண்டு. அந்தச் சிரிப்பை எமல்டா ஒரு அந்நியப் பெண்ணின் உள்ளங்கையில் பார்ப்பாள். அந்தப் பெண்ணும் பார்ப்பாள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது தன் வாயில் இருக்கிறது. நாக்கு அண்ணன் திணித்த அந்தத் தாளைப் போல ஒட்டிக்கொண்டது, மசி கசந்தது, விழுங்காதே, இந்த ஒரு தடவை விழுங்காதே.

“வந்தோம்,” என்றாள் ஆவுடை.

“வந்தோமா? எப்படி இருந்தேன்?”

“நீ கீழ கெடந்த. ஒன் கைய நாந்தான் மிதிச்சேன்.”

திரையில் இரண்டு போலீஸ்காரர்கள் வார்டனம்மாவின் புருஷனை விமல்நாத் என்று நினைத்துத் துரத்த ஆரம்பித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தியேட்டர் சிரித்தது. எமல்டா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் அவள் கண்ணாடியில் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறி மாறி அடித்தது, கண் தெரியவில்லை. கேட்கவில்லையோ என்று ஆவுடை நினைத்தாள். கேட்கவில்லையென்றால் இன்னொரு தடவை சொல்ல முடியாது. இன்னொரு தடவை சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

“நாந்தான்னு தெரிஞ்சா மிதிச்ச?” என்றாள் எமல்டா. காப்பி போட்டியா என்று கேட்கும் அதே குரல்.

“மோதிரத்தப் பாத்தேன்.”

“எத்தன வாட்டி?”

இரண்டு என்று வாய் தானாகக் குவிந்தது. முப்பத்தேழு வருஷப் பழக்கம்.

“நாலு,” என்றாள்.

போலீஸ்காரர் ஒருவர் சாணிக்குழியில் விழுந்தார். எமல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றிலிருந்து வந்தது, இருமலில் போய் முடிந்தது. இருமிக்கொண்டே சீட்டின் கைப்பிடிமேல் இருந்த ஆவுடையின் வலது கையைத் தேடிப் பிடித்தாள். கோணல் கையாலேயே பிடித்தாள். பெருவிரலும் மற்ற இரண்டு விரல்களும் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன, மடங்கிய இரண்டும் முட்டியாக நின்று ஆவுடையின் மோதிர விரலின் எலும்பை, சரியாகத் தன் கையில் உடைந்த அதே எலும்பை, இரும்புக் கைப்பிடியோடு வைத்து அழுத்தின. முன்சீட்டுப் பெண் திரும்பி, “ஆன்ட்டி, அனுப்பிட்டேன், பாருங்க,” என்றாள்.

“படம் முடியட்டும்மா,” என்றாள் எமல்டா.

வார்டனம்மாவின் புருஷன் வைக்கோல்போரில் ஒளிந்துகொண்டார். மாடு அவர் தலையை நக்கியது. எமல்டா மறுபடி சிரித்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் முட்டி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. இன்னும் இரண்டு பாட்டு, ஒரு கல்யாணம், ஒரு துரத்தல் பாக்கி இருந்தன. ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.